சுண்டுவிரலின் சாட்சி



'நரம்பு' என்னும் ஒரே சொல்லை நம்மவர்கள் எத்தனை பொருள்களில் வழங்குகிறார்கள் என்பது, ஒரு வைத்தியனுடைய அறையில் அரை நாள் அமர்ந்து காதுகொடுத்துக் கேட்டால்தான் விளங்கும். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்த வரும்போது 'நரம்பு கிடைக்கவில்லை' என்கிறோம். அங்கே தேடப்படுவது ரத்தக் குழாய். குதிகாலுக்கு மேலே கயிறுபோல் விறைத்து நிற்பதையும் நரம்பு என்கிறோம். அது எலும்போடு தசையைப் பிணைக்கும் நாண். வெற்றிலையின் முதுகில் கிள்ளி எறிவதும் நரம்புதான். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, யாழில் கட்டிய தந்திக்கு நம் முன்னோர் இட்ட பெயரும் நரம்பு என்பதே; நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு இந்தப் பழைய பொருளே மிகவும் அணுக்கமானது என்பது என் அபிப்பிராயம். வீணையில் விரல் அழுந்துவது மெட்டின்மேல் ஓரிடம். நாதம் எழுவது குடத்தில், வேறோரிடம். அதுபோலவே கழுத்தில் நசுங்குகிற நரம்பு கட்டைவிரலில் வலிக்கிறது. இடுப்பில் நசுங்குகிற நரம்பு கால் பெருவிரலில் எரிகிறது. வலிக்கிற இடத்தில் தைலம் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போனவர்கள், வானொலி நேயர்களே, உங்களுள்ளும் பலர் இருப்பீர்கள்.

நம்முடைய தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் புறப்பட்டு, எலும்புகளின் இடுக்குகளிலும், தசைகளின் நடுவிலும், கெட்டியான நார்ப்பட்டைகளின் அடியிலுமாகப் புகுந்து புகுந்து, விரல் நுனிவரை பிரயாணம் செய்கின்றன. இந்த வழியில் எங்கேனும் ஒரு வாசல் குறுகிப்போனால், அங்கே நரம்பு நசுங்குகிறது. நசுங்கிய நரம்பைப் போஷிக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் முதலில் அடைபட, எறும்பு ஊர்வதுபோன்ற உணர்ச்சியும் மரமரப்பும் தோன்றுகின்றன. பந்தியில் நெடுநேரம் சம்மணமிட்டு இருந்துவிட்டு எழுந்திருக்கும்போது கால் மரத்துப்போகிறதே, அதுவும் இதன் சிறியதொரு ஒத்திகையே. அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் நரம்பின் மேலுறை கெட்டு, பிறகு தசையின் பலமும் குன்றத் தொடங்கும்.

சாதாரணத் தசைப்பிடிப்பு பிடித்த இடத்திலேயே நிற்கும். கட்டைவிரலால் அழுத்தி, 'இங்கே' என்று காட்டிவிடலாம். நரம்பு நசுங்கியவருடைய விரலோ ஓரிடத்தில் நிற்காமல் ஒரு வழிநெடுகப் போகும். சுரீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் என்பார், ஊசி குத்துவதுபோல் என்பார், மிளகாய் அரைத்த கைபோல் எரிகிறது என்பார். ஆகையால் எங்கே வலிக்கிறது என்று கேட்டதோடு நான் நிற்பதில்லை. எதுவரை போகிறது என்று கேட்கிறேன். இந்தக் கேள்வியின் அருமையை எனக்கு நன்றாக உணர்த்தியவர் ஒரு பூக்காரி. அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்தவர். ஐம்பது வயதை நெருங்கியவர். இரவு இரண்டு மணிக்கு வலது கை மரத்துப்போய் விழிப்புக் கொடுத்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, ஈரக்கையை உதறுவதுபோல் பத்துத் தரம் உதறினால் கைக்குச் சற்றே உயிர் வருகிறது. மறுபடியும் கண்ணயர்ந்தால் விடியற்காலையில் அதே அவஸ்தை. பகலில் நாரைச் சுற்றி முடிச்சுப் போடும்போது மல்லிகை மொட்டு விரலிடையிலிருந்து நழுவுகிறது, நழுவியது கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிகிறது என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. வீட்டார் வாயு என்றார்களாம். பக்கத்துக் கடைக்காரர் பக்கவாதத்தின் ஆரம்பம் என்று சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்.

நான் ஒரு பேனாவைக் கொடுத்து, மரத்துப்போகும் பாகத்தை அவரையே கையில் வரைந்து காட்டச் சொன்னேன். இடக்கையால் பேனாவைப் பிடித்து, கட்டைவிரலைச் சுற்றிக் கோடிட்டார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அவ்வாறே சேர்த்துக்கொண்டார். மோதிர விரலுக்கு வந்ததும் தயங்கினார். கண்ணை மூடிக்கொண்டு அந்த விரலை இப்புறமும் அப்புறமும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, நுனியிலிருந்து அடிவரை அதன் நட்டநடுவே ஒரு கோடு இழுத்து, "இந்தப் பாதிதான் டாக்டர் செத்துப்போவுது, அந்தப் பாதி நல்லாத்தான் இருக்கு" என்றார். சுண்டுவிரலின் பக்கம் பேனா போகவே இல்லை. அந்தக் கோட்டை நான் சரீர சாஸ்திரப் புத்தகத்தில் படித்து மனனம் செய்து பரீட்சையில் எழுதியவன்; பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்தறியாத அந்த அம்மாள் அதைத் தம்முடைய விரலிலேயே படித்துச் சொன்னார். இத்தனை ஆண்டுத் தொழிலில் என்னை அதைவிடச் சிலிர்க்க வைத்த காட்சிகள் அதிகமில்லை.

மோதிர விரலை இரண்டு நரம்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதிவரை மீடியன் நரம்பின் ராஜ்யம். மற்றப் பாதியும் சுண்டுவிரலும் அல்னார் நரம்புக்கு உரியவை. மீடியன் நரம்பு உள்ளங்கைக்குள் நுழையும் மணிக்கட்டில், கீழே சிறு எலும்புகள் தொட்டிபோல் வளைந்திருக்க, மேலே கெட்டியான ஒரு நார்ப்பட்டை மூடியிருக்க, இடையிலுள்ள குறுகிய சுரங்கத்தில் விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களோடு இந்த ஒற்றை நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும். நாண்களின் உறை சிறிது வீங்கினாலும் துன்பம் நரம்புக்கே. தூக்கத்தில் நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். மடக்கினால் சுரங்கத்துள் அழுத்தம் ஏறுகிறது. இரவில் கை மரத்து எழுப்புவதற்கும் உதறினால் தெளிவதற்கும் இதுவே காரணம். கார்ப்பல் டனல் என்று டாக்டர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விரலை ஓயாமல் இறுக்கிப் பிடித்து வேலை செய்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், தைராய்டுக் குறைவு, சர்க்கரை, மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் இது சற்று அதிகமாகவே வருகிறது.

கிளீவ்லாந்து நகரத்து ஜார்ஜ் பேலன் என்னும் வைத்தியர் 1950களில் பரவச் செய்த ஒரு பரீட்சை உண்டு. வீட்டில் இருந்தபடியே இப்போதே செய்து பார்க்கலாம். இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையை நோக்கும்படி மணிக்கட்டை மடக்கி, ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருங்கள். சுண்டுவிரல் தவிர்ந்த மற்றவை மரமரவென்று வந்தால், வைத்தியரிடம் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் அதனாலேயே நோய் இல்லையென்று தீர்மானித்துவிட வேண்டாம்.

பூக்கார அம்மாளுக்கு இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஒரு பட்டை கொடுத்தேன். ரத்தத்தைச் சோதித்ததில் தைராய்டுக் குறைவு தெரிந்து அதற்கும் மாத்திரை தொடங்கினோம். அரைமணிக்கு ஒரு தரம் நாரைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டச் சொன்னேன். இவற்றால் அடங்காதவர்களுக்குச் சுரங்கத்தில் போடும் ஊசி இருக்கிறது. நார்ப்பட்டையைக் கீறி இடம் உண்டாக்கும் சிறிய சஸ்திர சிகிச்சையும் இருக்கிறது. கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்கும் சதை வற்றத் தொடங்கிவிட்டால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த அம்மாளுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டி வரவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து, காற்றுப் புக இடமில்லாமல் நெருக்கமாகத் தொடுத்த இரண்டு முழம் மல்லிகையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "கண்ண மூடிக்கிட்டே கட்டினது டாக்டர்" என்றார்.

கைக்கே பாதி நேரம் போய்விட்டது; மற்ற வாசல்களை விரைவாகத் தொட்டுக்கொண்டு போகிறேன். சுண்டுவிரல் மட்டும் மரத்தால் முழங்கையைச் சந்தேகியுங்கள். மடக்கிய கையோடு போனைக் காதில் வைத்து மணிக்கணக்காகப் பேசுவதை நிறுத்துங்கள். தொடையின் வெளிப்புறம் எரிந்தால் இடுப்புப் பெல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். குந்தியபடி நெடுநேரம் களை பறிப்பவர்களுக்கு முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிப்போவதுண்டு. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலி, கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் தணிவது பலருக்கு அனுபவம். இரண்டு பாதங்களும் ஒருசேரக் காலுறை போட்டதுபோல் எரிந்தால் சர்க்கரையையும் பி12 சத்தையும் சோதிக்கவேண்டும். வெளிறிய தேமலில் உணர்ச்சி இல்லாவிட்டால் தொழுநோயா என்று பார்க்கவேண்டும்; அது மாத்திரையால் குணமாவது, அந்த மாத்திரையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைப்பது.

இனிக் காலுக்கு இறங்கும் வலி. சயாட்டிகா என்று இன்று வழங்குகிற இந்த நோய்க்கு ஆயுர்வேதம் கழுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிருத்ரசி என்று பெயர் வைத்தது. காலை இழுத்து இழுத்து நடப்பவரைப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். முள்ளெலும்புகளின் இடையே ஜவ்வு என்று நாம் சொல்லும் மெத்தை, வெளியே நார் வளையமும் உள்ளே பாகு போன்ற பொருளுமாக அமைந்தது. வளையம் விரிசல் கண்டு பாகு பிதுங்கினால் பக்கத்து நரம்பை அழுத்துகிறது. பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இரு வைத்தியர்கள் இதை 1934இல் தெளிவாக எழுதி ஸ்தாபித்தார்கள். இருமினாலும் தும்மினாலும் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை சுண்டி இழுப்பது இதன் அடையாளம்.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்லவேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், இந்த வலியோடு வந்த ஒரு பஸ் டிரைவரை, நான் கற்றிருந்தபடியே, மூன்று வாரம் பலகையில் அசையாமல் படுத்திருக்கும்படி உத்தரவிட்டேன். கெண்டைச்சதை தளர்ந்து, சம்பளமும் போய், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற காட்சி இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. பின்னாளில், 1999இல், நெதர்லாந்து தேசத்தில் 183 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு சாராரை இரண்டு வாரம் படுக்கையிலும் மற்றவரை இயன்ற அளவு நடமாடவும் விட்டுப் பார்த்ததில், 12 வாரத்தில் இரு சாராரிலும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுக்கையால் எந்த லாபமும் இல்லை. வலி தாங்கமுடியாத ஓரிரு நாள், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மல்லாந்தோ, தொடைகளிடையே தலையணை வைத்து ஒருக்களித்தோ படுத்திருக்கலாம். அப்புறம் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று நாளில் பல தடவை நடக்கவேண்டும். குடம் தூக்குவதும், குனிந்து பெருக்குவதும், நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும் சில வாரங்களுக்கு ஆகா. பிதுங்கிய ஜவ்வின் பெரும்பகுதியைப் பல சமயங்களில் சரீரமே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்கிறது. வலி பாதத்தை விட்டுப் பின்வாங்கி, தொடைக்கும் பிறகு இடுப்புக்குமாக ஏறிவந்தால், இடுப்பில் சற்று அதிகமாகவே வலித்தாலும் அது நல்ல சகுனம், பயப்படாதீர்கள்.

ஸ்கேன் படத்தில் ஜவ்வு விலகியிருக்கிறது என்ற ஒரு வரியைப் படித்தே தைரியம் இழந்துவிடுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து அமெரிக்காவில் 1994இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எல்லா ஜவ்வும் பழுதின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேரே. படத்தையும் வலி போகும் வழியையும் பொருத்திப் பார்த்த பிறகே எதையும் தீர்மானிக்கவேண்டும். முதுகில் ஆளை ஏற்றி மிதிக்கச் சொல்வதும், முடி வெட்டிக்கொள்ளும் இடத்தில் கழுத்தைச் சடக்கென்று திருப்பச் சொல்வதும் வேண்டவே வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய சில குறிகள் உண்டு; தாய்மார்கள் கூச்சம் பாராமல் கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்புவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், தெரியாமல் ஒழுகினாலும், மலம் அடங்காமல் போனாலும், சைக்கிள் இருக்கையில் படும் பாகம் மரத்தாலும், செருப்பு கழன்றது தெரியாதபடி பாதம் தொங்கினாலும், இரு கால்களும் ஒருசேரத் துவண்டாலும் ஓர் இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு பக்கம் திடீரென்று செயலிழந்தால் அது வேறு வியாதி. அதற்கு நிமிஷம்கூடத் தாமதம் ஆகாது. காய்ச்சலோ காரணமில்லாத இளைப்போ கூடவந்தால் வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

நேரம் முடிந்ததாக அறிவிப்பாளர் சைகை காட்டுகிறார். இன்றிரவு உங்கள் வீட்டில் யாரேனும் தூக்கத்திலிருந்து எழுந்து இருட்டில் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், வாயு என்று சொல்லிப் படுக்கவைத்துவிடாமல், விளக்கைப் போட்டு, அருகில் உட்கார்ந்து, எந்தெந்த விரல் என்று கேளுங்கள். சுண்டுவிரலைத் தனியாகத் தொட்டுக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு காலையில் வைத்தியரிடம் போவீர்கள் என்று நம்புகிறேன்.