ஏ15-ஆ, ஏ16-ஆ? போன் வாங்கும் முன் ஒரு கணக்கு

(2025 பொங்கலை ஒட்டி நடந்த நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். பேசச் சொன்ன விஷயம், போன மாதம் நம் குடியிருப்பில் ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா ஒருவர் லிப்ட் அருகில் நிறுத்திக் கேட்ட கேள்வி. "தம்பி, கடையில ரெண்டு போன் காட்டுறாங்க. ரெண்டும் சாம்சங். ரெண்டும் 5ஜி. பார்த்தா ஒண்ணு மாதிரியே இருக்கு. ரெண்டாயிரம் கூடக் கொடுத்துப் புதுசை வாங்கணுமா?" அவருடைய பென்ஷன் வருகிற வங்கிக் கணக்கு அந்தப் போனில்தான் இருக்கப்போகிறது. அதனால் அது விளையாட்டுக் கேள்வி இல்லை.

அவர் பார்த்தது கேலக்ஸி ஏ15 5ஜி, கேலக்ஸி ஏ16 5ஜி. முன்னது 2023 டிசம்பரில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. பின்னது 2024 அக்டோபரில். நடுவில் பத்து மாதம்தான்.

எதெல்லாம் ஒன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். பேட்டரி இரண்டிலும் 5000 எம்ஏஎச். சார்ஜ் ஏறும் வேகம் இரண்டிலும் 25 வாட். பின்னால் 50 மெகாபிக்சல் கேமரா, முன்னால் 13. மெமரி கார்டு இரண்டிலும் போடலாம். இரண்டுக்கும் பெட்டியில் சார்ஜர் கிடையாது, வெறும் கேபிள்தான். வீட்டில் பொருத்தமான டைப்-சி சார்ஜர் இல்லாவிட்டால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

"இதில் புது சிப் சார்" என்பார்கள். ஏ15-ல் டைமென்சிட்டி 6100 பிளஸ், ஏ16-ல் டைமென்சிட்டி 6300. எண்தான் பெரிதாக மாறியிருக்கிறது. உள்ளே இருப்பது கிட்டத்தட்ட அதே சரக்கு. வேகமான இரண்டு கோர்கள் 2.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4 ஆகியிருக்கின்றன, அவ்வளவுதான். வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே, பேரனோடு வீடியோ கால் என்று இருப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

கையில் எடுத்தால் தெரிகிற வித்தியாசம் மூன்று. ஏ16-ன் திரை 6.7 அங்குலம், ஏ15-ன் திரை 6.5. எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்குப் பெரிய திரை நல்லது, சின்னக் கை உள்ளவர்களுக்கு அதுவே தொல்லை. கடையிலேயே ஒரு கையில் பிடித்து, கட்டை விரலால் மேல் மூலையைத் தொட்டுப் பாருங்கள். எட்டவில்லை என்றால் என்ன செய்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, ஏ16-க்கு ஐபி54 தரம் உண்டு. தூசும் தண்ணீர்த் தெறிப்பும் தாங்கும். நம் ஊர்க் கோடைத் தூசிக்கும், டூவீலரில் போகும்போது திடீரென்று பிடிக்கிற மழைக்கும் இது உதவும். ஆனால் வாளிக்குள் விழுந்தால் காப்பாற்றும் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கான தரம் வேறு. மூன்றாவது, ஏ15-ல் பழைய இயர்போன் குத்துகிற ஓட்டை இருக்கிறது. ஏ16-ல் அதை எடுத்துவிட்டார்கள். தினமும் இயர்போன் மாட்டிக் கச்சேரி கேட்கிற ஆட்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்கள் ஏ16 வாங்கினால் டைப்-சி இயர்போனோ புளூடூத்தோ தனியாக வாங்க வேண்டும்.

இப்போது கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்கு வருகிறேன். என் கருத்தில் ரெண்டாயிரத்துக்கு உரிய பதில் இங்கேதான் இருக்கிறது.

பூட்டுக்குப் பேர்போன ஊர் நம் ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. பூட்டு என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. போனில் இருக்கிற பூட்டு இரும்பால் செய்தது இல்லை, மென்பொருள். அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று திருடன் தேடிக்கொண்டே இருக்கிறான். கண்டுபிடித்த ஓட்டைகளை கூகுள் மாதாமாதம் பட்டியல் போட்டு அடைக்கிறது. போன் கம்பெனி அந்த அடைப்பைத் தன் போன்களுக்கு அனுப்புகிறது. பாதுகாப்பு அப்டேட் என்பது இதுதான். அனுப்புவது நின்றுபோனால் போன் ஓடும், படம் எடுக்கும், எல்லாம் செய்யும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் கிடக்கும்.

ஏ15-க்கு 5 ஆண்டு பாதுகாப்பு அப்டேட், ஏ16-க்கு 6 ஆண்டு என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. ஒரு வருடம்தானே வித்தியாசம் என்று தோன்றும். இல்லை. அந்த ஆண்டுகள் நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. ஆகவே ஏ15-க்கு 2028 கடைசி வரை, ஏ16-க்கு 2030 அக்டோபர் வரை. இன்றைக்கு வாங்கினால் முன்னதில் மிச்சம் ஏறத்தாழ 4 ஆண்டு, பின்னதில் ஐந்தே முக்கால் ஆண்டு.

கணக்குக்காக விலையை 15,000 என்றும் 17,000 என்றும் வைத்துக்கொள்வோம். ஏ15-க்கு வருடத்துக்கு 3,750 ரூபாய் ஆகிறது. ஏ16-க்கு மூவாயிரத்துக்குள் முடிகிறது. கூடுதல் விலை போன்தான் மலிவு. நான்காவது வருடம் வாக்கில் பேட்டரி ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம், அதைச் சேர்த்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு போனை ஐந்தாறு வருடம் வைத்திருப்பவருக்குத்தான். ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற பிள்ளைகளுக்கு ஏ15-ஏ போதும், தள்ளுபடி கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

டீச்சர் அம்மாவிடம் ஏ16 வாங்கச் சொன்னேன். அவர் இயர்போன் போடுவதில்லை, பழைய போனை ஏழு வருடம் வைத்திருந்தவர்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எந்த அப்டேட்டும் நாமே கதவைத் திறந்துவிட்டால் காப்பாற்றாது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதம் என்றும் ஏபிகே கோப்புகள் வருகின்றன. அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்தால், ஏ15 ஆனாலும் ஏ16 ஆனாலும் ஒரு லட்ச ரூபாய் போன் ஆனாலும் கதை ஒன்றுதான். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். மகன் வரட்டும், மருமகன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ரத வீதியில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லில் ஐஎம்இஐ எண் இருக்க வேண்டும். போனில் *#06# அழுத்தினால் அந்த எண் வரும், பெட்டியிலும் இருக்கும். மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் எந்த மாடல், செல்லுபடியாகிற எண்தானா என்று பதில் வரும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன், கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள். பேத்திக்கு விளையாடக் கொடுப்பதாக இருந்தாலும் யுபிஐ ஆப்களை எடுத்துவிட்டே கொடுங்கள்.

மீதி நேரத்தில் ஒரு வேலை செய்வோம். எல்லோரும் போனை எடுங்கள். செட்டிங்ஸ், அதில் கடைசியில் அபவுட் போன், அதில் சாப்ட்வேர் இன்பர்மேஷன். ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி பேட்ச் லெவல் என்று ஒரு தேதி இருக்கும். வேறு கம்பெனி போனில் இடம் கொஞ்சம் மாறலாம். அந்தத் தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருப்பவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள், அப்டேட் வந்து காத்திருக்கிறதா, இல்லை அந்த மாடலுக்கு நின்றே போய்விட்டதா என்று சேர்ந்து பார்த்துவிடலாம். கிளப் ஹவுஸ் வைஃபை இன்று இரவு ஒன்பது வரை இருக்கும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.