இயற்கை விவசாயமும் பாடுபடுகிறவர்கள் சாப்பாடும்



இயற்கை விவசாயத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இது இப்போது எங்கு பார்த்தாலும் அடிபடும் பேச்சாகிவிட்டது. பட்டணத்துக் கடைகளில் அதற்கென்று தனி அலமாரியும் தனி விலையும் வந்துவிட்டன. ஆனால், அந்த அலமாரியில் இருக்கிற அரிசிக்கு நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்துக் கொடுத்தவள் அதை வாங்கிச் சாப்பிட முடிகிறதா என்று கேட்பவர்கள் மாத்திரம் சிலரே. நான் இன்று அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன்.

விஷம் யாருக்கு?

இரசாயனங்களைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 2017-ல் மகாராஷ்டிரத்தில் யவத்மாள் ஜில்லாவில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தவர்களில் 20 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். மாண்டவர்கள் யார்? கூலியாட்களும் சிறு விவசாயிகளுந்தான். மருந்து விற்ற முதலாளி எவரும் தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்கவில்லை. லாபம் ஒருவருக்கு, விஷம் ஒருவருக்கு என்றிருக்கும் முறையை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு, "முன்னோர்கள் எல்லாம் அறிந்திருந்தார்கள், பசுவின் சாணம் புனிதம், நாள் நட்சத்திரம் பார்த்து விதைத்தால் போதும்" என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். தோழர்களே! சாணி எரு நல்லதென்றால், அதில் பயிருக்கு வேண்டிய சத்தும் மண்ணுக்கு வேண்டிய மக்கும் இருப்பதால் நல்லதே யொழிய, புனிதத்தினால் அல்ல. எருமைச் சாணியும் ஆட்டுப் புழுக்கையும் அதே வேலையைச் செய்கின்றன. துவரையையும் அவரையையும் ஊடே விதைத்தால் நிலம் தேறுகிறது. அவற்றின் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதுதான் அதற்குக் காரணம். இதற்கு மந்திரம் எதற்கு?

இன்னொன்றும் கேட்கிறேன். முன்னோர் காலத்தில் இரசாயன உரமே கிடையாது. முழுவதும் இயற்கை விவசாயந்தான். அந்தக் காலத்தில் பண்ணையாளுக்கு வயிறு நிறைந்ததா? அவன் உழுத நிலத்தில் அவனுக்கு ஒரு சாண் இருந்ததா? எருவை மாற்றினால் மாத்திரம் நியாயம் வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இலங்கையில் 2021-ல் சர்க்கார் ஒரே உத்திரவில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திற்று. விவசாயிகள் பழகுவதற்கு அவகாசமில்லை, போதுமான எருவுமில்லை. நெல் விளைச்சல் விழுந்தது. அரிசியை அயல்நாட்டிலிருந்து வாங்க நேர்ந்தது. அதே வருஷம் நவம்பரில் உத்திரவை மாற்றிக்கொண்டார்கள். விளைச்சல் விழுந்து விலை ஏறினால் பட்டினி கிடப்பது ஏழைதானே! ஆகவே, நிலத்தில் செய்து பார்த்து, படிப்படியாய்ச் செய்ய வேண்டிய காரியம் இது.

நிலம் யாரிடம்?

2011-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி இந்தியாவில் சாகுபடி செய்வோர் 11.88 கோடி, விவசாயக் கூலிகள் 14.43 கோடி. அதாவது சொந்தமாகவோ குத்தகையாகவோ நிலம் வைத்துச் சாகுபடி செய்பவரைவிட, பிறர் நிலத்தில் கூலிக்குப் பாடுபடுகிறவரே அதிகம். 2015-16-ம் வருஷத்து விவசாயக் கணக்குப்படி, 100 சாகுபடிகளில் சுமார் 14 தான் பெண்கள் பெயரில் இருக்கின்றன. ஆனால் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் யார் வேலை? களைக்கொல்லியை விட்டால் களையைக் கையால் பறிக்க வேண்டும், வேலை இரட்டிப்பாகும். அதற்கு நல்ல கூலி இல்லையென்றால், இயற்கை விவசாயம் என்பது பெண்களின் முதுகை இன்னும் கொஞ்சம் வளைப்பதற்கு ஒரு புதுப் பெயர் என்றுதான் ஆகும்.

ஜஹீராபாத் பெண்கள்

இப்படித்தான் ஆக வேண்டுமென்பதில்லை. தெலுங்கானாவில் ஜஹீராபாத் பக்கத்தில் 1983 முதல் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற ஸ்தாபனம் வேலை செய்து வருகிறது. அதன் கிராமச் சங்கங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள். மழையை நம்பிய மேட்டு நிலத்தில், சோளம், கம்பு, துவரை என்று பல பயிர்களைக் கலந்து விதைக்கிறார்கள். ஒன்று பொய்த்தால் ஒன்று காப்பாற்றுகிறது. விதையைத் தாங்களே சேர்த்து வைத்து, ஒருவருக்கொருவர் கடனாய்க் கொடுத்து, விதையாகவே திருப்பி வாங்கிக் கொள்ளுகிறார்கள்.

அவர்கள் செய்த மற்றொரு காரியந்தான் எனக்கு முக்கியமாய்ப் படுகிறது. ரேஷனில் மலிவாய் அரிசி வந்ததால் ஏழைகளின் பசி கொஞ்சம் தணிந்தது. அது நல்லதுதான். ஆனால் சோளத்தைக் கேட்பாரில்லாமல், சோளக்காடுகள் பல தரிசாய்ப் போயின. 1990-களின் நடுவில் இந்தப் பெண்கள் அந்தத் தரிசுகளைத் திருத்த நிலக்காரர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். கடனைப் பணமாக வாங்காமல் தானியமாக வாங்கி, ஊரிலேயே குதிரில் சேர்த்தார்கள். யார் ஏழை என்பதையும் ஒரு அதிகாரி தீர்மானிக்கவில்லை. ஊரார் பொதுவிடத்தில் கூடி, எல்லோர் முன்னிலையிலும் தீர்மானித்தார்கள். வேலையில்லாத மாதங்களில் அந்தச் சோளம் அவர்களுக்கு மலிவு விலையில் கிடைத்தது. நேற்றுவரை தானியத்துக்காகப் பிறர் வாசலில் நின்றவர்கள், ஊருக்குத் தானியம் அளந்து போட்டார்கள்! இதல்லவோ சுயமரியாதை!

நாம் கேட்க வேண்டியது

இயற்கை விளைபொருளுக்கு அத்தாட்சி வாங்குவது சின்ன விவசாயிக்குப் பெருஞ் செலவு. பரிசோதகருக்குப் பணமும் கணக்குப் புஸ்தகமும் வேண்டும். இதற்கு மாறாக, விவசாயிகள் குழுவாகக் கூடி ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் முறையை இந்திய சர்க்காரே 2011 முதல் நடத்துகிறது. அதை நம்மவர்கள் பயன்படுத்திக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இந்தத் தானியத்தைச் சர்க்கார் நல்ல விலைக்கு வாங்கி ரேஷனிலும் பள்ளிக்கூடச் சாப்பாட்டிலும் போட வேண்டும். 2013-ம் வருஷத்து உணவுச் சட்டம் சிறு தானியம் கொடுப்பதற்கும் இடம் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2023-ல் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களின் ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகுக்கு முடிந்தது, விஷமில்லாத தானியத்துக்கு ஏன் முடியாது?

மூன்றாவது, நிலத்துப் பட்டா பாடுபடும் பெண்ணின் பெயரில் வர வேண்டும்; கூலி சரிசமமாக வேண்டும்.

தோழர்களே! நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரில் யார் உழுகிறார்கள், யார் விற்கிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்று நீங்களே கணக்கெடுத்துப் பாருங்கள். அந்தக் கணக்கில் உழைத்தவருக்கு நல்ல சாப்பாடு இல்லையென்றால், எந்த எருவைப் போட்டு விளைந்ததாயிருந்தாலும் அது நியாயமான விளைச்சல் அல்ல என்று சொல்லி, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.