சம்பள நாளில் முதல் கணக்கு
(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சொந்த வீடு வேண்டும், பிள்ளை மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படாதவர் நம்மில் யார்? சம்பள நாளன்று கடைக் கணக்கைத் தீர்த்துவிட்டு, மீந்ததைச் சேர்ப்போம் என்கிறோம். என்றைக்காவது மீந்ததுண்டா?

கொழுந்து பறிக்கும் தாய்மார்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சுற்றுத் தவறினால் கொழுந்து முற்றிவிடும். பிறகு இரட்டிப்பாகப் பறித்தாலும் அந்தத் தளிர் திரும்ப வராது. தேயிலைக்குக் காட்டும் ஒழுங்கை நம் பணத்துக்கு மட்டும் ஏன் காட்டுவதில்லை?

1950களில் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒருசேரப் போயின. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள் என்றார். பால்மரம் வெட்டுகிறவனுக்கு அன்று அது சில்லறைக் காசல்ல! ஆயினும் கட்டினார்கள். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. கூலி என்றழைக்கப்பட்டவர் பங்குதாரர் ஆனார்.

வருகிற சம்பள நாளன்று ஆபீஸ் திண்ணையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். தொகையை நீங்களே சொல்லுங்கள். மாதம் மட்டும் தவறக்கூடாது. முதலில் இங்கே, பிறகு கடைக்கு. தாய்மார்கள் தங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் கையெழுத்துத் தேவையில்லை.