இசைத்தட்டின் மேலுறை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நல்லதொரு கச்சேரியைக் கேட்டு மகிழ்ந்திருக்கும் அவையில் இசையைப் பற்றிப் பேசத் துணிவது அடாத செயல். ஆதலின் இசையை விடுத்து, இசைத்தட்டுகளைப் பொதிந்து வைத்திருக்கும் மேலுறையைப் பற்றிச் சில கூற முன்வந்தோம். நம் இல்லங்கள் பலவற்றில் பழைய இசைத்தட்டுகள் பரண்மேல் உறங்குகின்றன. இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். உள்ளிருக்கும் பாட்டுக்கும் வெளியிருக்கும் படத்துக்கும் உறவே இராது.

இந்நாட்டில் ஒலிப்பதிவு தொடங்கிய நாளில் உறைக்கு வேலையே இல்லை. 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியார் பாட்டை முடித்ததும், தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பதிவுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டாக வார்க்கப்பட்டன. பாடியவர் யாவர் என்று அங்குள்ளோர் அறியவே இவ்வேற்பாடு என்பர். பின்னர் நெடுங்காலம் தட்டுகள் பழுப்புக் காகித உறையில் வந்தன. நடுவில் வட்டமாக ஒரு துளை. அதன் வழியே தட்டின் பெயர்ச்சீட்டைப் படித்துக்கொள்வோம். அழகு இல்லை, பொய்யும் இல்லை.

மேனாட்டிலும் நிலைமை பெரிதும் வேறன்று. கல்லறைக் கல்லைப் போன்ற கறுத்த அட்டையில் பெயர்மட்டும் பொறித்து விற்றார்கள். அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர் 1940-இல் அட்டையில் ஓவியம் தீட்டத் தொடங்கினார். அவ்வட்டைகளால் விற்பனை பன்மடங்கு பெருகிற்று. 1948-இல் நீண்ட நேரம் ஒலிக்கும் தட்டு வந்தபோது, ஓரடிச் சதுர அட்டை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சித்திரக்கூடம் ஆயிற்று. ஆயினும் இடம் கிடைத்தவர் எல்லாரும் நன்றாகவா வரைந்தார்கள்? பீத்தோவனுக்கும் ஒரு நீர்வீழ்ச்சி, விவால்டிக்கும் அதே நீர்வீழ்ச்சி என்ற வகையில் ஒப்புக்குப் படம் போட்டவர்கள் பலர். 1970-களில் வெஸ்ட்மின்ஸ்டர் கோல்டு என்ற மலிவுப் பதிப்பு வரிசை, பெருமேதைகளின் இசைக்கு வேடிக்கைப் படங்களை ஒட்டிப் பெயர் பெற்றது. சிரிக்கலாம், கேடில்லை. இசை இன்னாருடையது, வாசித்தவர் இன்னார் என்பதை அவர்கள் பெரும்பாலும் ஒழுங்காக அச்சிட்டுவிட்டார்கள்.

நம் சங்கீதத்தின் உறைகளில் தான் குறை வேறிடத்தில் உள்ளது. நிழற்பட நிலையத்தில் எடுத்த வித்துவானின் தலையைக் கத்தரித்து, இளஞ்சிவப்புப் பின்னணியில் ஒட்டுவதை நாம் மன்னித்துவிடுவோம். வாய்ப்பாட்டுத் தட்டுக்கு வீணையின் படமும், எத்தட்டுக்கும் பொருந்தும் என்று ஒரு நடராசர் திருவுருவும் போடுவதைக்கூடப் பொறுக்கலாம். வயலின் வித்துவானின் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டால் அவர் இடக்கையர் ஆகிவிடுவார். பழனி சுப்பிரமணிய பிள்ளையவர்களோ உண்மையிலேயே இடக்கையால் மிருதங்கம் வாசித்தவர். அவர் படத்தை மாற்றி அச்சிட்டால் அந்தச் சிறப்பே மறைந்துபோகும்.

பக்கவாத்தியக்காரர் பெயரை விட்டுவிடுவதுதான் நம் மனத்தை உறுத்துவது. மிருதங்கம் பாலக்காடு மணி ஐயரா, பழனியா என்று விசாரித்துவிட்டுக் கச்சேரிக்குச் சென்ற தலைமுறை நம் பெற்றோருடையது. அத்தகைய கலைஞரைச் சில உறைகள் 'வயலின், மிருதங்கத்துடன்' என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிட்டன. தனி ஆவர்த்தனம் ஒலிக்கிறது. வாசிப்பவர் பெயர் எங்கும் இல்லை. பாடலை இயற்றியவர் பெயர் இல்லாத உறைகளும் உண்டு. கச்சேரிக்கு நேரில் சென்றவர்களும் மறைந்துவிட்டால், அந்தக் கைகள் எவருடையவை என்று எவரைக் கேட்பது?

எழுத்தின் கதை இன்னும் ஒன்று. நம் உறைகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தையே நம்பின. தமிழகத்தில் இருப்போர்க்கு அது சிறு இடர். நமக்கு அப்படியன்று. வடநாட்டு அண்டை வீட்டார் அன்புடன் ஒரு தட்டை இரவல் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உறையில் 'தோடி' என்று கண்டு மகிழ்வார். தட்டைச் சுழலவிட்டால் அவர் காதில் விழுவது, அவர் பைரவி என்று வழங்கும் ராகத்துக்கு நெருங்கியது. அவருடைய தோடியோ நம் சுபபந்துவராளியை ஒத்தது. இந்தோளம் என்று எழுதினாலும் இதே குழப்பம்தான். அது அவர்களுடைய மால்கௌன்ஸ். அவர்களுடைய ஹிந்தோல் வேறு. உறையின் பின்புறத்தில் வித்துவான் பெற்ற பட்டங்களை அடுக்கும் இடத்தில், இதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கலாகாதா? நம் இசையை அயலார் விரும்ப வேண்டும் என்று விழாதோறும் பேசுகிறோம். அவர்கள் கையில் முதலில் படுவது உறைதானே!

ஒலிநாடா வந்தபோது ஓரடி அட்டை உள்ளங்கையளவு ஆயிற்று. 1982-இல் வந்த குறுந்தகட்டின் விட்டம் 12 சென்டிமீட்டர். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் கேட்கும்போது தோன்றும் படம் தபால்தலை அளவினது. பழைய பதிவுகள் பலவற்றில் பாடகர் பெயர் மட்டுமே எஞ்சுகிறது. உறையில் எழுதாது விட்டதைக் கைப்பேசி எங்கிருந்து எடுத்துத் தரும்?

ஆதலின் ஒரு வேண்டுகோள். இல்லங்களில் உள்ள தட்டுகளை எடைக்குப் போடாதீர்கள். ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் வாசித்தவர் ஆகியவற்றுள் தெரிந்ததைத் தமிழிலும் இவ்வூர் மொழியிலும் ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் வையுங்கள். தெரியாததை வெற்றிடமாக விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டா. இவ்வவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர், மிருதங்கத்தின் முதல் சொல்லைக் கேட்டதுமே வாசிப்பவர் பெயரைச் சொல்ல வல்லவர்கள். அவர்களைத் தட்டுகளுடன் ஒரு மாலை அமரச் செய்தால் வெற்றிடங்களுள் பாதியேனும் நிரம்பும். அம்மாலையை வரும் கோடைக்கு முன்பே வைத்துக்கொள்ளுமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.