சொல்லின் பொருளும் சொல்லும் இடமும்

உயர்வழக்குச் சொல்லொன்றைக் கற்பதில் இரு படிகள் உள்ளன. அதன் பொருளை அறிதல் முதற்படி. அதனை யார், யாரிடம், எவ்விடத்து வழங்கலாம் என்றறிதல் அடுத்த படி. இரண்டாவதே அரிது.

இதனைத் தொல்காப்பியர் நன்கறிந்திருந்தார். ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒரு பொருளனவே. எனினும் கேட்போன் தன்னின் உயர்ந்தோனிடம் ‘ஈ’ என்றும், ஒத்தோனிடம் ‘தா’ என்றும், தாழ்ந்தோனிடம் ‘கொடு’ என்றும் கூறுதல் மரபென்று சொல்லதிகாரத்துள் வகுத்தார்.

இக்காலச் சென்னையிலும் இதற்குச் சான்றுண்டு. இறப்புச் செய்தியைச் சைவர் இல்லத்தார் ‘சிவபதம் அடைந்தார்’ என்பர். வைணவர் ‘பரமபதித்தார்’ என்பர். கிறித்தவர் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றும், இசுலாமியர் ‘வபாத்தானார்’ என்றும் அச்சிடுவர். பகுத்தறிவாளர் ‘இயற்கை எய்தினார்’ என்பர். மயிலாப்பூரிலிருந்து அடையாறு செல்வதற்குள் இவ்வனைத்தையும் சுவர்களில் படித்துவிடலாம். பொருள் ஒன்றே, ஆயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டால், துயருற்ற குடும்பத்தின் நெஞ்சம் மேலும் புண்படும். இரங்கற்பா இயற்றும் கவிஞர் இதனை மறத்தலாகாது.

‘துஞ்சுதல்’ என்பது உறங்குதலையும் குறிக்கும். மங்கல வழக்காய் இறத்தலையும் குறிக்கும். ‘குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்’ அங்கு உறங்கியவன் அல்லன், உயிர்நீத்தவன். தாலாட்டில் இச்சொல்லை இடுமுன் சற்றே எண்ணுதல் நன்று. ‘இறும்பூது’ என்பதன் பொருள் வியப்பு. மேடைகளிலோ அது பெருமிதம் என்னும் பொருளில் வழங்கப்படுகிறது. ஓசையின் கம்பீரம் பொருளை மறைத்துவிடுகிறது.

துணைநூல்களுக்குக் குறைவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. சொற்பொருளோடு இலக்கிய மேற்கோளும் தருவது அதன் சிறப்பு. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இக்கால உரைநடையில் சொல் வழங்கும் முறையை எடுத்துக்காட்டு வாக்கியங்களால் விளக்கியது. இன்னது உயர் வழக்கு, இன்னது பேச்சு வழக்கு என்றும் குறித்தது. பழஞ்சொல்லுக்கு முன்னதையும் இன்றைய வழக்கிற்குப் பின்னதையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

அதன் பின்னும் ஒரு கடமை எஞ்சும். புதிதாய்க் கற்ற சொல்லை உடனே கவிதையில் ஏற்றாமல், அது பயின்றுவரும் மூன்று இடங்களையேனும் தேடிப் படித்தல் வேண்டும். மூன்றிலும் அதன் அருகே எச்சொற்கள் நிற்கின்றன, பேசுவோர் யார், கேட்போர் யார் என்று நோக்கினால் அதன் தகுதி தானே விளங்கும். அவ்வாறு விளங்கும்வரை எளிய சொல்லே போதும். ‘இறந்தார்’ என்பதில் இழுக்கொன்றும் இல்லை.