குடிநோயும் மீட்சியும்
(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



குடியைப் பற்றிப் பேச நாம் மேடை ஏறினால் என்ன பேசுவோம் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். குடி குடியைக் கெடுக்கும் என்போம், கைதட்டுவீர்கள், கூட்டம் கலையும். கைதட்டியவர்களில் நாலு பேர் நேரே கடைக்குப் போவார்கள். இன்று அந்தப் பேச்சு வேண்டாம். குடிக்கிறவன் ஏன் நிறுத்த முடியாமல் தவிக்கிறான், நிறுத்தியவன் எப்படி நிறுத்தினான் என்பதை மட்டும் பார்ப்போம்.

நமக்கும் கள்ளுக்கும் உள்ள பகை பழையது. 1941-ல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தம் நம் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது. சம்பள உயர்வு வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்ற கோரிக்கைகளோடு, கள்ளுக்கடையை மூடு என்ற கோரிக்கையும் இருந்தது. பட்டாளம் வந்து சுட்டது. தொழிலாளர் உயிர் போயிற்று. நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பிற்று. 1947-ல் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து போலீஸ் அடி வாங்கியவர்கள் அவர்கள். கடையை வைத்தது யார்? தோட்ட நிர்வாகம். கடை இலாபத்திலிருந்து தொழிலாளர் நலனுக்கென்று கொஞ்சம் எடுத்துக் கொடுத்த தோட்டங்களும் உண்டு. நம் பணத்தை நமக்கே தானம் செய்த சாமர்த்தியம் அது!

பின்னால் தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்தன. குடி மறைந்ததா? சம்சு அந்த இடத்தைப் பிடித்தது. கள்ளில் ஆல்கஹால் நூற்றுக்கு 5 பங்கு அளவில் இருக்கும். சம்சுவில் 40 பங்கை எட்டும். கள்ளச் சரக்கோ உயிரையே வாங்கும். 2018 செப்டம்பரில் இதே சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டவர் மாண்டார்கள். அவர்களில் பலர் நம்மைப் போலவே பிழைக்க வந்த நேப்பாள, மியன்மார், வங்காளதேசத் தொழிலாளர்கள். ஆகவே கடையை மூடுவது வேண்டியதே. ஆனால் அது பாதி வேலைதான்.

மீதிப் பாதி என்ன? அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே குடிப்பழக்கம் மருத்துவம் பார்க்கவேண்டிய நோய் என்று அறிவித்துவிட்டது. நாம் இன்னும் அதை மானக்கேடு என்றே வைத்திருக்கிறோம்.

ஆல்கஹால் மூளையை மந்தப்படுத்தும். நாள்தோறும் குடித்தால், மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று மது நின்றால், கூட்டிய வேகம் மட்டும் அப்படியே நிற்கும். அதுதான் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. விடியற்காலைப் பெரட்டில் உளி பிடிக்க முடியாமல் ஒருவன் நடுங்குகிறானே, முந்தின நாளின் போதை அல்ல அது. போதை இறங்கியதன் வேதனை. ஒரு வாய் ஊற்றினால் நடுக்கம் நிற்கிறது. அதனால்தான் ஊற்றுகிறான். சோம்பேறி என்று நாம் பட்டம் கட்டுகிறோம்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, தாய்மார்கள் கவனிக்கவேண்டும். பல ஆண்டு அளவின்றிக் குடித்தவரைக் கோயிலில் கர்ப்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கி, அன்றே நிறுத்தச் சொல்லி வீட்டில் பூட்டி வைப்பதுண்டு. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும், பிதற்றுவார். பேய் பிடித்தது என்று பூசாரியிடம் ஓடுகிறோம். அது உயிர் போகக்கூடிய நிலை. உடனே தஞ்சோங் காராங் அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். அங்கே நடுக்கத்தை அடக்கும் மருந்தும், குடியால் குறைந்துபோன பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். அதுபோல, குடியை மறக்கடிக்கும் தூள் என்று யாரோ விற்பதைச் சாம்பாரில் ரகசியமாய்க் கலக்காதீர்கள். அதில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால், அதன் மேல் குடிக்கிறவர் நெஞ்சு படபடத்து விழுவார். வைத்தியர் சொல்லி, தானும் அறிந்து சாப்பிடவேண்டிய மருந்து அது.

சரி, பத்து நாளில் நடுக்கம் நின்றுவிட்டது. குணமாகிவிட்டானா? மரத்தில் உளி ஆழப்போய்க் கட்டையில் பட்டால், அந்தப் பட்டை எத்தனை வருஷத்தில் தேறுகிறது என்று நமக்குத் தெரியும். மூளையும் மெல்லத்தான் தேறும். மாதக்கணக்கில் எரிச்சல் இருக்கும், ஏக்கம் இருக்கும். சம்பள நாளும் பழைய கூட்டாளியும் இழுப்பார்கள். பலர் மறுபடி ஒருமுறை விழுகிறார்கள். ‘இனி இவன் தேறமாட்டான்’ என்று நாம் கைகழுவும் நேரம் அதுதான்; கை கொடுக்கவேண்டிய நேரமும் அதுதான்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980-ல் அவர் தொடங்கிய நிலையம் பின்னர் டி.டி.கே. மருத்துவமனை என்று பெயர் பெற்றது. பட்டணத்தோடு நிற்காமல், தஞ்சைப் பக்கத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலும் முகாம் நடத்தினார்கள். உழவுத் தொழிலாளிக்கு அவன் ஊரிலேயே மருத்துவம். மனைவிக்கும் தனியே ஆலோசனை. குடியை விட்டவரே புதியவருக்குத் துணை. அமெரிக்காவில் 1935-ல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துத் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் அடிப்படையும் அந்தத் துணைதான். மலேசியாவிலும் அந்த இயக்கத்தார் கூடுகிறார்கள்.

முகாம் நடத்த நம்மிடம் பணமில்லை. துணைக்குப் பணம் எதற்கு? கிராணித் தோழர்களே, சம்பளத்துக்கு மறுநாள் எந்தப் பெயருக்கு வழக்கமாக ஆப்செண்ட் விழுகிறது என்பது செக்ரோல் எழுதும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அதை நிர்வாகத்திடம் சொல்லுமுன் கிளையிடம் சொல்லுங்கள். மருத்துவமனையில் இருக்கும் நாள்களை மருத்துவ விடுப்பாகக் கேட்பது நம் பொறுப்பு. ஒவ்வொரு தோட்டத்திலும் இருவர், முடிந்தால் குடியை விட்டவர்களாகவே, மருத்துவமனைக்குக் கூடப் போகவும் சம்பள நாள் மாலையில் அவரோடு இருக்கவும் முன்வரவேண்டும். சிகிச்சை வேண்டும் என்பவர் கிளைச் செயலாளரிடம் தனியே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனைவி வந்து சொன்னாலும் சரி. அந்தப் பெயர் எந்தக் கூட்டத்திலும் படிக்கப்படாது.