வாசலில் போட்ட கான்கிரீட்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் இன்ஜினியர் இல்லை. இந்தக் கல்லூரியில் வேதியியல் படித்து, வங்கியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் சொந்த ஊரான சுருளிப்பட்டியில் வீடு கட்டியவன். வீடு நன்றாகவே இருக்கிறது. வெளியே வாசலில் 20க்கு 30 அடி கான்கிரீட் போட்டேன் பாருங்கள், அதில்தான் கோட்டை விட்டேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. ஆடிக் கடைசியில் அவசர அவசரமாக வேலை. நம்ம பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போட்ட அன்று சாயங்காலமே மேலே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. கொத்தனார் வெறும் சிமெண்டைத் தூவி, கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடுத்தார். எனக்கும் பரம சந்தோஷம். மூன்றாம் நாள் நானே சொன்னேன், "தண்ணி விட்டது போதும்ப்பா, நல்லாக் காயட்டும்!"

இதைச் சொன்னவன் வேதியியல் பட்டதாரி! சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன். நம் வயலுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையை 1895இல் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கியில் கட்டினார்கள்; அதுவும் ஈரத்தில்தான் இறுகும் என்று வகுப்பில் கேட்டவன். வீட்டு வாசலில் அத்தனையும் மறந்துபோயிற்று. பி.பி.சி. சிமெண்டுக்கு ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, குறைந்தது 10 நாள் ஈரம் கேட்கிறது. 14 நாள் விடுவது நல்லது. ஈரச் சாக்கை விரித்தோ, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியோ வைக்கலாம். நான் விட்டது மூன்றே நாள்.

ஐப்பசி மழையில் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் படிக்கட்டுக்கு வந்து நின்றது. வாட்டமே இல்லை. பாசி பிடித்தது. ஒருநாள் காலையில் கோலம் போட வந்த அம்மா அந்தக் கண்ணாடித் தரையில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து மதுரையில் ஆபரேஷன். இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்கள்.

உடைத்துப் பார்த்தோம். பேசியது நாலு அங்குலம், இருந்தது மூன்று. கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்குப் போடாதவன் நான். 600 சதுர அடிக்கு நாலங்குலம் என்றால் 200 கன அடி. ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று கலவையில் ஏறக்குறைய 45 மூட்டை சிமெண்ட் வேண்டும். எங்கள் வாசலில் இறங்கியது 28. நான் வங்கிக்காரன், மூட்டையைக்கூட எண்ணவில்லை! கலவை ஓடுவதற்காக ஹோஸ் பைப்பில் இஷ்டத்துக்குத் தண்ணீர் விட்டதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு மூட்டைக்கு, மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து, 25 லிட்டர் போதும். அதற்கு மேல் ஊற்றுகிற ஒவ்வொரு வாளியும் பலத்தைக் குறைக்கும்.

இரண்டாம் முறை, கீழே நிரப்பிய செம்மண்ணை அரை அடி அரை அடியாக நனைத்துத் திமிசு போட்டோம். முதல் தடவை அஸ்திவாரம் தோண்டிய மண்ணை அப்படியே கொட்டி மேலே போட்டிருந்தார்கள், அது பிறகு இறங்கிவிட்டது. வாசலைப் பத்துக்குப் பத்தாக ஆறு கட்டம் பிரித்தோம். கான்கிரீட் சுருங்கத்தான் செய்யும். நாமே கோடு போட்டுக் கொடுத்தால் வெடிப்பு அந்தக் கோட்டோடு போகும், இல்லாவிட்டால் தன் இஷ்டத்துக்கு ஓடும். சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி. தெருப் பக்கம் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம். டியூப் லெவலை நானே பிடித்தேன். மேலே கரணையால் மெருகேற்றவில்லை, தென்னந்துடைப்பத்தால் ஒரு இழுப்பு, சொரசொரப்பாக. காற்றடங்கின தை மாதம் விடியற்காலையில் ஆரம்பித்தோம். காரை 28 நாள் தெருவிலேயே நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

அம்மாவுக்குத்தான் ஒரு குறை. துடைப்பம் இழுத்த தரையில் கோலப்பொடி சரியாக விழவில்லையாம். "அழகா இருந்த தரையை இப்பிடிப் பண்ணிட்டியேடா" என்கிறார்கள். ஆனாலும் தினமும் கம்பை ஊன்றிக்கொண்டு அதில்தான் நடந்துபோய்ச் செம்பருத்திப் பூப் பறித்துவருகிறார்கள்.

இங்கே வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் நாலைந்து பேர் இருப்பதாகக் கேள்வி. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், மூட்டைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.